"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" – நேர்காணலுக்குப் போகும் நம் பெண்களுக்காக

(லாஸ்பேட்டையில் நடந்த நமது கூட்டமைப்பின் மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மாதாமாதம் நாம் கூடும்போது சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கி இணைப்பு என்று பேசுகிறோம். இன்னிக்கு நான் பேசப் போறது வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் பற்றி. "இன்டர்வியூவுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்குங்க. நம் குழுக்களில் வாங்கும் கடனில் ஒரு பங்கு பிள்ளைகள் படிப்புக்குத்தான் போகிறது. பொண்ணு படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா தவணை கட்டிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அம்மா கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பொண்ணை ஒரு கம்பெனி வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அந்த நஷ்டம் அவள் வீட்டோடு நிற்காது. குழு நோட்டிலும் வந்து நிற்கும்.

படிப்புக்கு நம்ம பக்கம் குறை இல்லை. இதே லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி இருக்கு, பெண்கள் பாலிடெக்னிக் இருக்கு. பக்கத்து கிராமங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் பிடிச்சு வந்து படிக்குதுங்க. வேலைதான் மாறிப் போச்சு. ஒரு காலத்தில் புதுச்சேரியில் வேலை என்றாலே மில் வேலைதான். ஏ.எப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று பஞ்சாலைகளின் சங்குச் சத்தத்தை வைத்து மணி சொன்ன வீடுகள் உண்டு. 2020-ல் அவை மூடப்பட்டன. இன்று நம் பெண்கள் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். எங்கே போனாலும் முதல் வாசல் நேர்காணல்தான்.

எனக்குக் கேட்ட கேள்விகள்

என் அனுபவத்தை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன். நான் டிப்ளமோ முடித்தவள். மூத்த பிள்ளை பிறந்து மூணு வருஷம் வீட்டில் இருந்துட்டு, மறுபடி வேலைக்குப் போகலாம்னு ஒரு கம்பெனிக்குப் போனேன். பேர் வேண்டாம். காலையில் எழுத்துத் தேர்வு, அதில் பாஸ். அடுத்து மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து செய்முறைத் தேர்வு, அதிலும் பாஸ். மத்தியானத்துக்கு மேல் கடைசியாக அலுவலக அறையில் கூப்பிட்டார்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" "ஆயிடுச்சு சார்." "குழந்தை?" "ஒண்ணு சார்." "அடுத்தது எப்போ?" எனக்குச் சுருக்கென்றது. "மாமியார் கூட இருக்காங்களா? பிள்ளையை யார் பாத்துக்குவா? வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்கு விடுவாரா?" பத்து நிமிஷத்தில் மெஷின் பத்தி ஒரு கேள்வி கூட இல்லை. கடைசியில், "சரிம்மா, போன் பண்றோம்" என்றார்கள். போன் வரவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். எனக்கு முன்னாடி உள்ளே போய் வந்தவர் ஒரு ஆண். ரெண்டு பிள்ளைக்கு அப்பா. வரிசையில் நிற்கும்போது பேசிக்கிட்டிருந்தோம். "உள்ளே என்னண்ணா கேட்டாங்க?" என்றேன். "முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கறீங்க, அவ்வளவுதாம்மா" என்றார். அவருடைய ரெண்டு பிள்ளைகளை யார் பார்த்துக்குவா என்று யாரும் கேட்கவில்லை. அநியாயம் இருப்பது இங்கேதான். பிள்ளை என்றால் அது அம்மாவின் கணக்கில் மட்டும் எழுதப்படுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் வாசலில்

எனக்கு நடந்தது சின்னது. நாடே பேசிய ஒன்றைச் சொல்றேன். 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில், கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்பதுதான் செய்தி. அதில் அக்கா தங்கை இரண்டு பேரின் கதை வந்தது. இருபது வயதுகளில் இருப்பவர்கள். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, 2023 மார்ச்சில் நேர்காணலுக்குப் போயிருக்கிறார்கள். வாசலிலேயே காவலாளி கேட்ட கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான். ஆயிடுச்சு என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பஸ் நிலையத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரரே, "கல்யாணமானவங்களை எடுக்க மாட்டாங்க" என்று சொன்னாராம். பாருங்க, ஆட்டோக்காரருக்குக் கூடத் தெரிந்திருக்கிறது!

காரணமாகச் சொல்லப்பட்டவை என்ன? குடும்பப் பொறுப்பு அதிகம், கர்ப்பம் ஆவார்கள், லீவு அதிகம் போடுவார்கள், தாலி மெட்டி போன்ற உலோகம் போட்டிருப்பார்கள் என்பவை. உற்பத்தி மும்முரமான மாதங்களில் ஆள் தேவைப்படும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்படும் என்றும் அந்தச் செய்தி சொன்னது.

நிறுவனத்தின் பதிலையும் சொல்வதுதான் முறை. 2022-ல் ஆள் எடுப்பதில் சில குறைகள் இருந்தன, அவற்றைச் சரி செய்துவிட்டோம், திருமணத்தை வைத்துப் பாகுபாடு பார்ப்பதில்லை என்றார்கள். உலோகப் பொருள் போடக்கூடாது என்பது பாதுகாப்புக்காக எல்லோருக்கும் பொதுவான விதி என்றும் விளக்கம் கொடுத்தார்கள்.

செய்தி வந்த உடனே மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூலை 1-ம் தேதி தொழிலாளர் துறை அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போனபோது, நிர்வாகம் கொடுத்த கணக்கு இது: மொத்தம் வேலை செய்பவர்கள் 41,281 பேர். அதில் பெண்கள் 33,360 பேர். அந்தப் பெண்களில் கல்யாணமானவர்கள் 2,750 பேர், அதாவது ஏறக்குறைய 8 சதவீதம். நூறு பெண்களை வரிசையில் நிற்க வைத்தால் கழுத்தில் தாலி இருப்பது எட்டு பேருக்கு. நம் ஊரில் வேலை தேடும் பெண்கள் எத்தனை பேர் கல்யாணமானவர்கள் என்று நீங்களே மனக்கணக்குப் போட்டுப் பாருங்க.

அப்புறம் 2024 நவம்பரில் ஒரு மாற்றம் வந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகள் விளம்பரத்தில் வயது, ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா என்றெல்லாம் போடக்கூடாது என்று நிறுவனமே உத்தரவு போட்டதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. விளம்பரத்தில் எழுதாமல் இருப்பது ஒரு படி. வாசலில் கேட்காமல் இருப்பது அடுத்த படி. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. குடிசையில் இருக்கும் இரண்டு பெண்கள், "எங்களுக்கு இப்படி நடந்தது" என்று வாய் திறந்து சொன்னதால் டில்லி வரை கேட்டது.

இது இன்று நேற்று வந்ததல்ல

சகோதரிகளே, படிப்பு குறைவு, ஏழைகள், அதனால்தான் நம்மை இப்படிக் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கலெக்டர் வேலைக்குப் போனவரையும் கேட்டார்கள்.

அன்னா ராஜம் என்பவர், பின்னாளில் அன்னா ராஜம் மல்ஹோத்ரா, இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1951-ம் ஆண்டுத் தொகுதி. நேர்காணல் குழுவில் இருந்த பெரிய அதிகாரிகள், "வெளிநாட்டுப் பணி, மத்தியப் பணி என்று பெண்களுக்குத் தகுந்த வேலை இருக்கே, அதை எடுத்துக்கோ" என்று திசை திருப்பப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும், சென்னை மாகாணம்தான் வேண்டும் என்று நின்றார். அவருக்கு வந்த நியமன ஆணையில் ஒரு வரி இருந்தது: திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று! ஆண் அதிகாரிக்கு அப்படி ஒரு வரி கிடையாது. சில வருஷங்களில் அந்த விதி மாற்றப்பட்டது. அவர் ஓசூரில் சப்-கலெக்டராகப் பணியாற்றி, படிப்படியாக உயர்ந்து, பெரிய பொறுப்புகளை வகித்தார்.

இதே போல பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி. பெண் தொழிலாளிக்குக் கல்யாணம் ஆனால் வேலையை விட்டு நீக்கிவிடலாம் என்று விதி வைத்திருந்தது. கல்யாணமானவர்கள் அடிக்கடி வராமல் போவார்கள், வேலை கெடும் என்றது. தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965-ல் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. கல்யாணமாகாத பெண்ணோ, விதவையோ வீட்டில் பொறுப்பே இல்லாமலா இருக்கிறார்? பிரசவ லீவுக்காகத்தான் கவலை என்றால், மாற்று ஆளாகச் சில பெண்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போச்சு. தீர்ப்பின் சாரம் இதுதான். இது நடந்து 60 வருஷம் ஆகிறது. காரணமும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

இன்னொரு வழக்கு எல்.ஐ.சி. தொடர்பானது. வேலைக்குத் தேர்வான பெண்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கர்ப்பம் ஆனது என்றெல்லாம் கேள்விகள் இருந்தன. வேலையில் சேர்ந்து பிரசவ லீவு எடுத்த ஒரு பெண்ணை, படிவத்தில் தவறான தகவல் தந்தார் என்று நீக்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. ஒரு பெண்ணின் கூச்சத்தையும் சுயமரியாதையையும் புண்படுத்தும் இப்படிப்பட்ட கேள்விகளைப் படிவத்தில் இருந்தே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. கேட்கப்படும் கேள்வியே தப்பாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. சம்பளத்தில் மட்டுமல்ல, ஆள் எடுப்பதிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது அந்தச் சட்டம். ஸ்ரீபெரும்புதூர் விஷயத்தில் மத்திய அரசு காட்டியதும் அதைத்தான். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-வது பிரிவும் ஆள் எடுக்கும்போது பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. "கல்யாணம் ஆனதா" என்ற சொல் அதில் தனியாக இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்டு, பெண்களை மட்டும் கழிக்கும்போது, அது பெண் என்பதால் செய்யும் பாகுபாடுதானே? அதே நாளில் வந்த புதிய சட்டத் தொகுப்புகளின்படி, வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்பது 2017-ல் இருந்து சட்டம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்த அளவு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். இந்தச் சலுகைகளைக் கொடுக்க மனமில்லாத சில முதலாளிகள், கல்யாணமானவர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைத்த உரிமை, வெளியே நிற்பவர்களுக்குத் தடையாக ஆகிவிடக் கூடாது. அதனால்தான் ஆள் எடுப்பதையும் கண்காணிக்க வேண்டும் என்கிறோம்.

முதலாளி பக்கத்தில் நியாயமே இல்லையா என்றால், ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. ஆள் திடீரென்று வராவிட்டால் வேலை நிற்கும், உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து காப்பகம், வீட்டுக்குப் பக்கம் வரை பஸ், முன்கூட்டியே சொல்லும் ஷிப்ட். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல விஷயம். விடுதி கட்ட முடிந்தவர்களுக்குக் காப்பகம் கட்டவும் முடியும்.

நேர்காணலுக்குப் போகும்போது

இனி செய்ய வேண்டியதைச் சொல்றேன். பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. விளம்பரத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "திருமணமாகாத பெண்கள் மட்டும்" என்று போட்டிருந்தால் அதுவே அத்தாட்சி.

2. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள். சான்றிதழின் நகலைக் கொடுங்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

3. கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்டால் கோபப்பட வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள். நிதானமாக, "சார், ஷிப்ட் நேரம் என்னன்னு சொல்லுங்க. அந்த நேரத்துக்கு வருவேன். வீட்டில் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிக் கேட்டால், "இது வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது சார்" என்று சொல்லலாம். சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

4. நீங்களும் கேளுங்கள். வேலை கம்பெனியிலா, கான்ட்ராக்ட்டிலா? கையில் எவ்வளவு வரும்? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? நைட் ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? காப்பகம் உண்டா? கேள்வி கேட்கிற பொண்ணை வேண்டாம்னு சொல்ற இடம், உள்ளே போன பிறகும் நல்ல இடமாக இருக்காது.

5. வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்டவர் யார், என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட வந்தவர்களின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. அசிங்கமாகப் பேசினாலோ, தொட்டாலோ அது வேறு குற்றம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலையில் சேராத பெண்ணும் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181.

7. பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் துறைக்கும் மகளிர் ஆணையத்துக்கும் எழுதலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

"புகார் கொடுத்தா அந்தப் பக்கம் எங்கேயும் வேலை கிடைக்காதே" என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன். நாலு ஊர்ப் பெண்களிடம் ஒரே கம்பெனி ஒரே கேள்வி கேட்டிருந்தால், கூட்டமைப்பின் கடிதத்தாளில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். தனிப் பெண்ணின் பெயர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

நம் நேர்காணலையும் பார்ப்போம்

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். நாமும் ஆள் எடுக்கிறோம். கணக்கு எழுத, பயிற்சி கொடுக்க, குழுக்களைப் பார்த்துக்கொள்ள என்று பெண்களைத் தேர்வு செய்கிறோம். அப்போது பல இடங்களில் என்ன பேசுகிறார்கள்? "கல்யாணம் ஆகாத பொண்ணு வேணாங்க. நாளைக்குக் கட்டிக்கிட்டு வேற ஊர் போயிடும்." கம்பெனி, கல்யாணம் ஆனதால் வேண்டாம் என்கிறது. குழு, கல்யாணம் ஆகாததால் வேண்டாம் என்கிறது. நடுவில் நம் பொண்ணு எந்த வாசலில்தான் போய் நிற்பாள்? ரெண்டு பேரும் கழுத்தைப் பார்க்கிறார்களே தவிர, கணக்கு நோட்டைப் பார்ப்பதில்லை.

அதனால் இன்று ஒரு முடிவு எடுப்போம். நம் கூட்டமைப்பில் யாரை வேலைக்கு எடுத்தாலும், ஒரு கணக்குக் கொடுத்துப் போடச் சொல்வோம். ஒரு கூட்ட அறிக்கை எழுதச் சொல்வோம். யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்கே வேலை. கல்யாணம் பற்றிய கேள்வியை நம் நேர்காணலில் கேட்கவே மாட்டோம். நாம் கேட்காமல் இருந்தால்தான், "நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?" என்று கம்பெனிக்காரர்களைக் கேட்க நமக்கு வாய் வரும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் கடந்த ஒரு வருஷத்தில் நேர்காணலுக்குப் போன பெண்கள் எத்தனை பேர், அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வேலை கிடைத்தவர்களையும் எழுதுங்கள், கிடைக்காதவர்களையும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்வதென்று சேர்ந்து முடிவு செய்வோம்.